கொள்முதல் பில்லை ஏஐ படிக்கும்போது

மாதம் 600 கொள்முதல் பில் வரும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். நூல் வியாபாரமாக இருக்கலாம், ஹார்டுவேராக இருக்கலாம், மோட்டார் உதிரி பாகமாகவும் இருக்கலாம். அந்த 600 பில்லையும் கணக்கர் ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்து டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருந்தார். இன்று அதே பில்லைப் போட்டோ எடுத்து ஏஐயிடம் கொடுத்தால், விற்றவர் யார், பில் எண் என்ன, வரி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று சில நொடிகளில் பிரித்துத் தந்துவிடுகிறது. ஏஐ வேலையைப் பறிக்குமா, உலகத்தைப் புரட்டுமா என்ற பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும். நம் ஊர்க் கணக்கு அறைகளுக்குள் அது நுழைந்த வாசல் இதுதான். வெளிநாட்டு நிறுவனங்களின் பில்களைச் சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து பதிவு செய்து கொடுக்கும் பெரிய அலுவலகங்களிலும் மாறிய வேலைகளில் இதுவும் ஒன்று.

இதை இறக்கியவர்களில் பலர் இரண்டாம் மாதமே கைவிட்டுவிடுகிறார்கள். ஏஐ மோசம் என்பது காரணம் இல்லை. படிக்கிற வேலையையும் சரிபார்க்கிற வேலையையும் சேர்த்து அதன் தலையில் கட்டிவிடுகிறார்கள். படிப்பதை அதனிடம் விடலாம். சரிபார்ப்பதைச் சாதாரணக் கணக்கும் மனிதக் கண்ணும்தான் செய்ய வேண்டும். இந்த எல்லையை எங்கே, எப்படிப் போடுவது என்பதில்தான் முழு வெற்றியும் இருக்கிறது.

முதலில் ஒரு சின்னப் பெருக்கல். ஒரு பில்லிலிருந்து எடுக்க வேண்டியவை குறைந்தது 12: விற்றவர் ஜிஎஸ்டி எண், நம் ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, வரிக்கு முந்தைய மதிப்பு, வரி விகிதம், மத்திய வரி, மாநில வரி, ஒருங்கிணைந்த வரி, வண்டி வாடகை போன்ற இதரச் செலவு, ரவுண்ட் ஆஃப், மொத்தம். ஒவ்வொரு கட்டத்தையும் 100-க்கு 99 தடவை சரியாகப் படிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 12 கட்டமும் ஒருசேரச் சரியாக இருக்கும் பில்கள் 100-க்கு 89 மட்டுமே. 600 பில்லில் ஏறக்குறைய 68 பில்லில் ஏதோ ஒரு பிழை ஒளிந்திருக்கும். எந்த 68 என்பது தெரியாது என்பதால் 600-ஐயும் திரும்பப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மிச்சமான நேரம் அங்கேயே போய்விடும்.

ஒவ்வொரு பொருளும் எழுதியிருக்கும் வரிசைகளையும் எடுக்கச் சொன்னால் நிலைமை இன்னும் மோசம். ஒரு பில்லில் 20 பொருள், ஒவ்வொன்றுக்கும் பெயர், அளவு, விலை, தொகை என்று நான்கு கட்டம், ஆக 80 கட்டம். அதே 99 சதவீதத் துல்லியத்தில் முழுக்கச் சரியான பில் 100-க்கு 45-தான். அதனால் ஸ்டாக் கணக்கை டேலியில் உருப்படி வாரியாக வைக்காத கடை, பொருள் வரிசைகளைத் தொடவே வேண்டாம். ஸ்டாக் வைப்பவர்கள் முதல் மூன்று மாதம் மேல்மட்ட 12 கட்டத்தை மட்டும் ஓட்டி, அது நிலைத்த பிறகு பொருள் வரிசைகளுக்குப் போகலாம். எல்லாவற்றையும் முதல் நாளே கேட்கும் ஆசைதான் பல இடங்களில் இந்த வேலையைக் கெடுத்திருக்கிறது.

ஏஐ தேவைப்படாத பில்கள்

பில் கட்டைக் கையில் எடுத்ததும் ஏஐயிடம் ஓடாதீர்கள். முதலில் மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் வகை, மின்னணு பில். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் மற்றொரு வணிகருக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் போட வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த பில்லில் 64 எழுத்துகள் கொண்ட ஐஆர்என் என்ற பில் பதிவு எண்ணும் ஒரு க்யூஆர் கட்டமும் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் விற்றவர் எண், வாங்கியவர் எண், பில் எண், தேதி, மொத்தத் தொகை, எத்தனை பொருள் வரிசைகள், முக்கியப் பொருளின் எச்எஸ்என் (பொருள் வகை) குறியீடு எல்லாம் எழுத்துப் பிசகாமல் இருக்கின்றன. அதை ஸ்கேன் செய்தால் புள்ளிகளால் பிரிந்த மூன்று துண்டுகளாக ஒரு நீண்ட எழுத்துச்சரம் வரும். நடுத்துண்டை பேஸ்64 என்ற குறியீட்டு முறையில் அவிழ்த்தால் விவரங்கள் கிடைத்துவிடும். கடைசித் துண்டு கையொப்பம். பில் உண்மையானதா என்று பார்க்க அது போதும். இவ்வளவு கையில் இருக்கும்போது ஏஐயை அந்த எண்களைப் படிக்கச் சொல்வது, வீட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு பூட்டை உடைப்பது போன்றது. வரிக்கு முந்தைய மதிப்பு, வரிப் பிரிவு, இதரச் செலவு, ரவுண்ட் ஆஃப் மட்டும் க்யூஆரில் இருக்காது. அவற்றுக்கு மட்டும் ஏஐ வந்தால் போதும். ஒரு எச்சரிக்கை: சில பில்களில் யுபிஐ பணம் செலுத்தும் க்யூஆரும் பக்கத்திலேயே இருக்கும். எந்தக் கட்டம் எது என்று நிரல் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

இரண்டாம் வகை, மின்னஞ்சலில் வரும் பிடிஎஃப். அதில் எழுத்துகள் எழுத்தாகவே இருக்கும். கோப்பைத் திறந்து ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். தேர்வானால் அது எழுத்துக் கோப்பு. அந்த எழுத்தையே ஏஐக்குக் கொடுங்கள். அச்சடித்து, மறுபடி போட்டோ எடுத்து அனுப்பும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. நல்ல பில்லை நாமே கெடுத்துக் கொடுப்பது அது.

மூன்றாம் வகைதான் ஏஐக்கு உண்மையான வேலை: பில் புத்தகத்தில் கையால் எழுதியது, கார்பன் காப்பி, தெர்மல் பேப்பர், லாரி ஆபீஸ் ரசீது. இவற்றை 300 டிபிஐ-யில் கருப்பு-வெள்ளையாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்யுங்கள். வெறும் கருப்பு-வெள்ளையில் மங்கிய கார்பன் கோடுகள் காணாமல் போய்விடும். போனில் எடுப்பதென்றால் ஃபிளாஷ் வேண்டாம். தெர்மல் பேப்பரில் அது பளிச்சென்று வெள்ளை வட்டமாக விழுந்து, பெரும்பாலும் மொத்தத் தொகை மேலேயே உட்காரும். தெர்மல் பேப்பர் சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால் வந்த அன்றே படம் எடுப்பது எப்படியும் நல்லது. ஒரு பில்லுக்கு ஒரு கோப்பு என்பது கட்டாயம். இரண்டு பில் ஒரே படத்தில் இருந்தால், ஒன்றின் எண்ணும் மற்றதன் தொகையும் கலந்து வரும்.

எப்படிக் கேட்பது

ஏஐக்குக் கொடுக்கும் உத்தரவு நீளமாக இருக்க வேண்டியதில்லை. கண்டிப்பாக இருந்தால் போதும். என்னென்ன கட்டம், ஒவ்வொன்றும் எழுத்தா எண்ணா, எந்த வடிவத்தில் வேண்டும் என்று அட்டவணையாகக் கொடுங்கள். பதில் ஜேசன் வடிவத்தில் (நிரல் எளிதில் படிக்கும் எழுத்து வடிவம்) வரச் சொல்லுங்கள். பிறகு மூன்று கட்டளைகள்.

ஒன்று, தெரியாத இடத்தைக் காலியாக விடு, ஊகிக்காதே. இதைச் சொல்லாவிட்டால் அது ஊகிக்கும். சொன்னாலும் சில சமயம் ஊகிக்கும். மடிப்பில் மறைந்த ஜிஎஸ்டி எண்ணின் நான்கு எழுத்தை, பார்க்கச் சரியாகத் தெரியும் நான்கு எழுத்தால் நிரப்பிவிடும். மங்கிய எழுத்தை மனிதர் கண்டால் தயங்குவார். ஏஐயின் பதிலில் அந்தத் தயக்கம் எங்கேயும் தெரியாது.

இரண்டு, கணக்குப் போடாதே, பில்லில் உள்ளதை அப்படியே எழுது. இது மிக முக்கியம். கூட்டல் தப்பாக உள்ள பில்லைக் கொடுத்தால், சில நேரம் ஏஐ அதைத் தானே திருத்தி, சரியான கூட்டலைக் கொடுத்துவிடும். விற்றவர் செய்த பிழை நமக்குத் தெரியாமலே போகும். கூட்டிப் பார்க்கும் வேலை வெளியே எக்செலிலோ நிரலிலோ நடக்கட்டும்.

மூன்று, எழுத்தால் எழுதிய தொகையைத் தனிக் கட்டத்தில் அப்படியே எடு. ‘ரூபாய் பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது மட்டும்’ என்ற வரி ஒவ்வொரு நல்ல பில்லிலும் இருக்கும். எண்ணுக்கு அது இரண்டாவது சாட்சி. எழுத்தை எண்ணாக மாற்றுவதையும் ஏஐயிடம் கேட்காதீர்கள். மேலே 18,450 என்று பார்த்துவிட்டு அதையே இங்கும் எழுதிவிடும். சாட்சி இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தால் பயன் இல்லை.

‘இந்தப் பதிலில் உனக்கு எத்தனை சதவீதம் நம்பிக்கை’ என்று கேட்டு, 95-க்கு மேல் சொன்னால் ஏற்றுக்கொள்வது பரவலாக நடக்கும் இன்னொரு தவறு. அது தரும் அந்த எண்ணும் எழுதப்பட்ட ஒரு பதில்தான், அளந்து பார்த்த அளவு கிடையாது. தப்பான எண்ணுக்கும் 98 போடும்.

வெளியே நிற்கும் காவல்

இனிமேல் சொல்வதெல்லாம் ஏஐ இல்லாத வேலை. ஒரு சாதாரண எக்செல் சூத்திரமோ ஐம்பது வரி நிரலோ போதும்.

ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34, கேரளத்துக்கு 32, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்து பான் எண்: ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. 13-ஆவது, அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. 14-ஆவது பொதுவாக ‘இஸட்’. 15-ஆவது சோதனை எழுத்து. முதல் 14 எழுத்திலிருந்து அதைக் கணக்கிடலாம். இலக்கங்களுக்கு அதே மதிப்பு, ‘ஏ’-க்கு 10, ‘பி’-க்கு 11 என்று ‘இஸட்’-க்கு 35 வரை. இடமிருந்து வலமாக 1, 2, 1, 2 என்று மாற்றி மாற்றிப் பெருக்க வேண்டும். ஒவ்வொரு பெருக்குத்தொகையையும் 36-ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டுங்கள். எல்லாவற்றின் கூட்டுத்தொகையை 36-ஆல் வகுத்து வரும் மீதியை 36-லிருந்து கழித்தால் சோதனை எழுத்தின் மதிப்பு கிடைக்கும். மீதி 0 என்றால் மதிப்பும் 0.

இந்த ஒரு சூத்திரத்தின் அருமை என்னவென்றால், 14-இல் ஏதேனும் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் இது கட்டாயம் பிடித்துவிடும். ‘8’-ஐ ‘பி’ என்றும், பூஜ்யத்தை ‘ஓ’ என்றும், ‘5’-ஐ ‘எஸ்’ என்றும் படிக்கும் பிழைகள் தாண்டவே முடியாது. இரண்டு எழுத்து மாறினால்தான் அபூர்வமாகத் தப்பும். எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் இலக்கம் என்பது நிலையானது என்பதால் நிரலே திருத்திவிடலாமே என்று தோன்றும். திருத்தியது சோதனை எழுத்தோடு பொருந்தி, அந்த எண் ஏற்கெனவே நம் லெட்ஜரிலும் (டேலியில் ஒவ்வொரு வியாபாரிக்கும் உள்ள கணக்கு) இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இதனால் பிடிபடாத பிழை ஒன்று உண்டு. பில்லில் விற்றவர் எண்ணும் நம் எண்ணும் இரண்டுமே இருக்கும். ஏஐ நம் எண்ணை விற்றவர் கட்டத்தில் போட்டுவிடும். எண் சரியானதுதான், இடம்தான் தப்பு. அதனால் விற்றவர் எண் நம் எண்ணாக வந்தால் நிராகரி என்று ஒரு விதி வையுங்கள். வாங்கியவர் எண் நம்முடையதாக இல்லாவிட்டாலும் நிறுத்துங்கள். பக்கத்துக் கடை பில் நம் கட்டில் கலந்து வருவது நாம் நினைப்பதைவிட அதிகம்.

பிறகு வரிக் கணக்கு. விற்றவர் எண் 33-இல் தொடங்கி, நம்முடையதும் 33 என்றால் பொதுவாக மத்திய வரியும் மாநில வரியும் சமமாக இருக்க வேண்டும், ஒருங்கிணைந்த வரி காலியாக இருக்க வேண்டும். வெளிமாநிலம் என்றால் மாறாக. மதிப்பை விகிதத்தால் பெருக்கினால் வரி வர வேண்டும். மதிப்பு, வரி, இதரச் செலவு, ரவுண்ட் ஆஃப் எல்லாம் கூடினால் மொத்தம் வர வேண்டும். ஒரு ரூபாய் வரை வித்தியாசம் விடுங்கள். ஒவ்வொரு பொருள் வரிசையிலும் பைசாவைச் சுருக்குபவர்களும் மொத்தத்தில் சுருக்குபவர்களும் உண்டு. அதைத் தாண்டினால் மனிதக் கண்ணுக்கு அனுப்புங்கள்.

இங்கே மாட்டுபவை பெரும்பாலும் இவைதான். சிறு வியாபாரிகள் பில்லின் அடியில் ‘முன் பாக்கி’ எழுதி, அதையும் சேர்த்துக் கூட்டியிருப்பார்கள். ஏஐ அந்தக் கூட்டலை பில் தொகை என்று எடுக்கும். ‘4500/-’ என்பதன் சாய்கோட்டை 1 என்று படித்து 45001 ஆக்கும். வண்டி வாடகையை வரிக்கு முன் சேர்த்தவரும் வரிக்குப் பின் சேர்த்தவரும் வேறு வேறு. கிரெடிட் நோட்டை (விற்றவர் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு) பில்லாக எடுத்து, கழிக்க வேண்டியதைக் கூட்டிவிடும். டெலிவரி சலானையும் விலைப்புள்ளியையும் பில் என்று எண்ணிவிடும். அதனால் ‘இது என்ன ஆவணம்’ என்ற கட்டத்தைப் பட்டியலின் தலையிலேயே வைத்துவிடுங்கள்.

தேதிக்குத் தனி கவனம் வேண்டும். 05/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் 5. ஏஐ சில சமயம் மே 4 என்று எடுக்கும். நிதியாண்டே மாறாத வரை இது யார் கண்ணிலும் படாது. மார்ச், ஏப்ரல் பில்களில் பட்டால் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) ஒரு ஆண்டிலிருந்து இன்னோர் ஆண்டுக்குத் தாவிவிடும். ‘நாள், மாதம், ஆண்டு என்ற வரிசைதான்’ என்று உத்தரவில் சொல்லுங்கள். வந்த தேதி, ஸ்கேன் செய்த நாளுக்குப் பிந்தியதாகவோ 90 நாளுக்கு மேல் பழையதாகவோ இருந்தால் நிறுத்துங்கள்.

வரி விகிதத்தை ஏஐயிடம் கேட்கவே கேட்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகளிலிருந்த பெரும்பாலான பொருள்கள் 5, 18-க்கு மாறின. செயற்கை இழை நூல் 12-லிருந்து 5-க்கு வந்தது, சிமெண்ட் 28-லிருந்து 18-க்கு வந்தது. அதற்கு முன்பு எழுதப்பட்டவற்றைப் படித்துப் பழகிய ஏஐ, பழைய விகிதத்தை மிகத் தெளிவாக, விதி எண்ணோடு சொல்லும். நாம் வாங்கும் பொருள்கள் அதிகம் போனால் நூறு இருக்கும். எச்எஸ்என் குறியீடு, விகிதம், எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை என்று நான்கு பத்தியில் ஆடிட்டரிடம் சரிபார்த்து ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். தேதிப் பத்தி இல்லாத விகிதப் பட்டியல் ஆபத்து. ஆகஸ்ட் பில் அக்டோபரில் கைக்கு வந்தால் பழைய விகிதம்தான் சரி.

ஒரே பில் இரண்டு முறை

விதிப்படி சரக்கு பில் மூன்று நகல்: அசல் வாங்குபவருக்கு, இரண்டாவது வண்டிக்காரருக்கு, மூன்றாவது விற்பவருக்கு. நடைமுறையில் விற்றவர் முதல் நாள் வாட்ஸப்பில் படம் அனுப்புவார், லாரியோடு ஒரு நகல் வரும், மாதக் கடைசியில் மின்னஞ்சலில் ஸ்டேட்மென்டோடு ஒன்று வரும். கையால் ஏற்றிய காலத்தில் ‘இதை நேற்றே போட்டோமே’ என்று கணக்கருக்கு நினைவு இருக்கும். ஏஐக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. மூன்றையும் மூன்று பில்லாக நீட்டும்.

விற்றவர் எண், நிதியாண்டு, பில் எண் மூன்றும் சேர்ந்த சாவியை வைத்து இரட்டிப்பைத் தடுக்கலாம். பில் எண்ணில்தான் சிக்கல். ‘045/25-26’ என்று அச்சிலும், ‘45’ என்று கையிலும், ‘45/2025-26’ என்று ஜிஎஸ்டி தளத்திலும் இருக்கும். பில் எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது என்பது விதி. அதற்குள் எப்படி எழுதுவது என்பது அவரவர் இஷ்டம். எனவே இரண்டு பத்தி வையுங்கள். ஒன்றில் பில்லில் உள்ளபடியே. மற்றதில் சாய்கோடு, சிறுகோடு, முன் பூஜ்யம், ஆண்டு எல்லாம் நீக்கியது. ஒப்பிடுவது இரண்டாவதை வைத்து, டேலியில் போவது முதலாவது. அதே சாவி மீண்டும் வந்தால் நிரல் அழிக்கக் கூடாது, நிறுத்தி வைத்துக் காட்ட வேண்டும். வேறு பில்லாகவும் இருக்கலாம்.

லெட்ஜரைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஸ்ரீ முருகன் டிரேடர்ஸ் என்ற பெயரில் ஒரே பஜாரில் மூன்று கடை இருக்கும். ஜிஎஸ்டி எண்ணை வைத்துத்தான் லெட்ஜரைப் பிடிக்க வேண்டும். எண் இல்லாத, பதிவு பெறாத சிறு வியாபாரிகளை ஏஐ வழியில் விடாமல் கையாலேயே போட்டுவிடுங்கள். மொத்தத்தில் அவை கொஞ்சம்தான் இருக்கும், தொல்லை மட்டும் அதிகம்.

டேலிக்குள் ஏற்றுவது

டேலி எக்ஸ்எம்எல் கோப்பை (குறிகளுக்குள் விவரங்களை அடுக்கிய எழுத்துக் கோப்பு) வாங்கிக்கொள்ளும். தேதி எட்டு இலக்கமாக ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்க வேண்டும். லெட்ஜர் பெயர் ஓர் இடைவெளி கூடக் குறையாமல் டேலியில் உள்ளபடியே இருக்க வேண்டும். பெயரில் ‘&’ குறி இருந்தால் எக்ஸ்எம்எல் உடைந்துவிடும், அதை முறைப்படி மாற்றி எழுத நிரலில் ஏற்பாடு வேண்டும். முதல் மாதம் முழுக்க, கம்பெனியின் நகல் ஒன்றில் மட்டும் ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஏற்றுமுன் பேக்கப் எடுங்கள். பாதியில் நின்ற கோப்பை மறுபடி முழுதாக ஏற்றினால் வவுச்சர்கள் (டேலியில் ஏறிய பதிவுகள்) இரட்டிப்பாகும் அபாயம் உண்டு. எனவே 50 பில்லுக்கு ஒரு கோப்பு என்று சிறு கட்டாகப் பிரியுங்கள். ஏற்றியபின் வவுச்சர் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த கட்டுக்குப் போங்கள்.

கம்பெனிச் சட்டத்தின்படி பதிவான நிறுவனங்கள், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடம் பதிவாகும் மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. ஏஐ வழியாக வரும் பதிவுகளுக்குத் தனி லாகின் பெயர் கொடுங்கள். கணக்கரின் பெயரில் ஏற்றினால், பிறகு பிழை வரும்போது அது யாருடைய கை என்று சொல்ல முடியாது. அந்தப் பழி ஒரு மனிதர் மேல் அநியாயமாக விழும்.

வவுச்சரின் நரேஷனில் (குறிப்பு எழுதும் இடம்) பில் படத்தின் கோப்புப் பெயரை எழுதிவிடுங்கள். கணக்கு ஆவணங்களை அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்து நோட்டீஸ் வந்தால், ஏஐ சொன்னது உதவாது, பில் படம்தான் உதவும்.

அடுத்த மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி வரும். விற்றவர்கள் தங்கள் ரிட்டர்னில் காட்டிய பில்களை எண், தேதி, மதிப்பு, வரி என்று ஜிஎஸ்டி தளம் பிரித்துத் தரும் பட்டியல் அது. அதில் இல்லாத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. அதைத் தாண்டி அது ஏஐ படித்ததைச் சோதிக்கும் இலவசக் கருவியும்கூட. நம் பதிவையும் அதையும் வைத்துப் பொருத்தினால், வித்தியாசம் வரும் ஒவ்வொரு பதிவும் ஒரு பாடம். விற்றவர் பிழையா, ஏஐ பிழையா, பில் எண் எழுதிய முறையா என்று மூன்றாகப் பிரித்து எழுதி வையுங்கள். இரண்டு மாதத்தில், எந்த வியாபாரியின் பில்லில் எந்தக் கட்டம் வழுக்குகிறது என்று தெளிவாகத் தெரிந்துவிடும். அந்த நான்கைந்து வியாபாரிகளுக்கு மட்டும் தனி உத்தரவு எழுதினால் பிழை கணிசமாகக் குறையும்.

ஆனால் வரவு எடுக்கலாமா கூடாதா என்ற தீர்மானத்தை எந்தப் பட்டியலும் செய்யாது. ஊழியர்களுக்கு வாங்கிய சாப்பாடு, முதலாளியின் கார் போன்றவற்றுக்கு வரவு தடுக்கப்பட்டிருக்கிறது. 2பி-யில் வந்தாலும் எடுக்கக் கூடாது. இது கணக்கருக்குத் தெரிந்த விஷயம். அவரிடமே இருக்கட்டும்.

வங்கிக் கணக்கு எண்

பில்லில் அச்சிட்டிருக்கும் வங்கிக் கணக்கு எண்ணை ஏஐ எடுக்கவே கூடாது. மின்னஞ்சலில் வரும் பில்லில் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்பும் மோசடி பழையது. ஏஐ வந்தபின் போலி பில் தயாரிப்பது எளிதாகிவிட்டது, குரலைக்கூடப் போலி செய்ய முடிகிறது. ஏஐ அந்தத் திருட்டு எண்ணை ஒரு பிழையும் இல்லாமல் படித்துத் தரும். பணம் போகும் எண் நம் மாஸ்டரில் (நாம் முன்பே பதிந்து வைத்த வியாபாரி விவரம்) இருப்பது மட்டுமே. அதை மாற்ற வேண்டுமென்றால், பில்லில் இருக்கும் போன் எண்ணை விட்டு, நம்மிடம் முன்பே இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேட்டு, இரண்டு பேர் ஒப்புக்கொண்டு மாற்ற வேண்டும். இந்த ஒரு விதியில் விதிவிலக்கு வேண்டாம்.

இலவசக் கணக்கில் பில்களைக் கொட்டுவதும் சரியில்லை. தனி உரிமையாளர் கடையின் ஜிஎஸ்டி எண்ணுக்குள் அவருடைய சொந்தப் பான் எண் இருக்கிறது. அது தனிப்பட்ட தகவல். அனுப்பும் படங்களை நிறுவனம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுமா என்பதை ஒப்பந்தத்தில் படித்து, எடுத்துக்கொள்ளாது என்று எழுதியிருக்கும் கட்டணச் சேவையையே பயன்படுத்துங்கள்.

சரிபார்க்கும் மனிதர்

வெளிக் காவலில் தங்கும் பில்கள் கணக்கரிடம் வரும். இந்த இடத்தைத்தான் எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள். தொடர்ந்து 200 சரியான பதிவுகளைப் பார்த்த கண், 201-ஆவது தப்பையும் சரி என்று தட்டிவிடும். இது சோம்பேறித்தனம் இல்லை, மனித மனத்தின் இயல்பு. அவரைத் திட்டுவதில் பயனில்லை, வேலையை மாற்றி அமைக்க வேண்டும்.

50,000 ரூபாய்க்கு மேற்பட்ட பில்களுக்கு ஏஐ எடுத்த தொகையை மறைத்துவிடுங்கள். படத்தை மட்டும் காட்டி, மொத்தத்தையும் வரியையும் அவரே தட்டட்டும். இரண்டும் ஒத்தால் தானாக நகரும். காட்டிவிட்டு ‘சரியா’ என்று கேட்பதைவிட இது பல மடங்கு உறுதியானது. சிறிய பில்களில் சந்தேகக் கட்டத்தை மட்டும் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கிப் பக்கத்தில் வையுங்கள். வாரத்துக்கு ஐந்து பில்லில் வேண்டுமென்றே பிழை வைத்து வரிசையில் கலந்துவிடுங்கள், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. எத்தனை பிடிபடுகிறது என்பது, சரிபார்ப்பு உயிரோடு இருக்கிறதா என்பதைக் காட்டும். மூன்றுக்குக் கீழே போனால் ஒரே மூச்சில் பார்க்கும் நேரத்தைக் குறையுங்கள்.

ஏஐயை நடத்தும் நிறுவனம் புதுப் பதிப்பை இறக்கும்போது, நேற்று வரை சரியாக வந்த கட்டம் இன்று மாறலாம். விடை தெரிந்த 100 பில்களைச் சோதனைக் கட்டாக வைத்திருங்கள். அச்சு, கையெழுத்து, கார்பன், மங்கல் எல்லாம் அதில் இருக்கட்டும். பதிப்பு மாறினாலும் உத்தரவில் ஒரு சொல் மாற்றினாலும் அந்த 100-ஐ ஓட்டிப் பார்த்துவிட்டே நிஜ பில்லுக்குப் போங்கள்.

கையெழுத்துப் போடுபவர் யார் என்ற கேள்விக்கு உலகம் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. 2025-இல் ஆஸ்திரேலிய அரசுத் துறை ஒன்றுக்கு டெலாய்ட் தயாரித்துக் கொடுத்த அறிக்கையில், இல்லாத ஆய்வுகளும் இல்லாத நீதிமன்ற மேற்கோளும் இருந்தது தெரியவந்தது. ஏஐ பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டு, கட்டணத்தில் ஒரு பகுதியை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. அவ்வளவு பெரிய அலுவலகத்திலேயே சரிபார்ப்பு நழுவியிருக்கிறது. நம் ரிட்டர்னில் பிழை இருந்தால் நோட்டீஸ் வருவது கடைக்காரர் பெயருக்குத்தான், வட்டியும் அவர் கையிலிருந்துதான்.

இதில் மனதை உறுத்துவது வேறொன்று. ஆடிட்டர் அலுவலகத்துக்கு வரும் பையனும் பெண்ணும் பில் ஏற்றித்தான் தொழில் கற்றார்கள். ஆயிரம் பில்லைக் கையால் போட்டவருக்கு, ‘இந்த வியாபாரி இந்தச் சரக்கை இந்த விலைக்குத் தரமாட்டாரே’ என்று ஒரு உறுத்தல் வரும். அந்த உறுத்தல்தான் சரிபார்ப்பவரின் மூலதனம். ஏற்றும் வேலை முழுக்க இயந்திரத்துக்குப் போனால், பத்து வருடம் கழித்து சரிபார்க்கத் தெரிந்தவர் எங்கிருந்து வருவார்?

அதனால் புதிதாகச் சேர்பவருக்கு முதல் ஆறு மாதம், மாதம் 50 பில் கையால் போடக் கொடுங்கள். எளிய அச்சு பில்கள் வேண்டாம். கார்பன் காப்பி, முன் பாக்கி எழுதியது, கிரெடிட் நோட், வெளிமாநிலச் சரக்கு, வண்டி வாடகை ரசீது என்று பொறுக்கி எடுத்துக் கொடுங்கள். அவர் போட்டு முடித்தபின் ஏஐ எடுத்ததைப் பக்கத்தில் வைத்து, எங்கெங்கே வேறுபடுகிறது, யார் சொன்னது சரி, ஏன் என்று ஒரு நோட்டில் அவரே எழுதட்டும். மாதக் கடைசியில் அந்த நோட்டை மூத்த கணக்கர் அரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். புதிய வெளிக் காவல் விதிகள் பெரும்பாலும் அந்த நோட்டிலிருந்துதான் கிடைக்கும்.